கண் முகாமில் பாஸ் ஆன பிள்ளைக்கு இடது கண் தெரியவில்லை: சோதனையில் எங்கே ஓட்டை?

ஜூன் 17, காலை 6.50 · கேள்வி (ஆசிரியர்)

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் போன நவம்பரில் ஆசிரியர்களே சார்ட் வைத்துக் கண் பார்த்தோம். 143 பிள்ளைகள். 6 பேருக்கு மருத்துவமனை போகச் சீட்டு கொடுத்தோம். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இரண்டு கண்ணும் சரி என்று பதிவேட்டில் இருக்கிறது. மே விடுமுறையில் வலது கண்ணில் கட்டி வந்து கட்டுப் போட்டபோதுதான், "இந்தக் கண்ல ஒண்ணுமே தெரியலம்மா" என்று அழுதிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இடது கண் 6/36, சோம்பல் கண் என்று எழுதியிருக்கிறார்கள். வெளியில் பார்க்கக் கண் நேராகத்தான் இருக்கிறது. சார்ட் சோதனையில் இப்படி ஒரு பிள்ளை தப்பிப்போவது இயல்பா, இல்லை நாங்கள் செய்ததில் பிழையா? ஜூலையில் மறுபடி பார்க்கப் போகிறோம்.

ஜூன் 17, இரவு 9.15 · ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வை அளந்து கண்ணாடிப் பவர் பார்ப்பவர்)

பிழை சார்ட்டில் இல்லை, கையில். 6/36 என்றால் நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. அந்தக் கண்ணால் 6/12 வரியைப் படிக்க முடியாது. பாஸ் ஆகியிருக்கிறாள் என்றால் வலது கண்ணால் படித்திருக்கிறாள்.

"கண்ணைக் கையால மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு நீங்கள் சார்ட்டில் குச்சியை வைக்கத் திரும்பும் அந்த இரண்டு நொடியில் நடப்பது இது: விரல்கள் லேசாக விரியும். அல்லது உள்ளங்கை கன்னத்துப் பக்கம் சரிந்து, மூக்கோரம் ஒரு சந்து திறக்கும். முகம் கொஞ்சம் திரும்பும். பிள்ளை ஏமாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத கண்ணால் பார்க்கச் சொன்னால் தலை தானாகவே தெரியும் கண்ணைத் தேடிப் போகும்.

செய்ய வேண்டியது:

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சார்ட் பக்கம். இன்னொருவர் பிள்ளையின் பக்கவாட்டில் நின்று பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும், சார்ட்டைப் பார்க்கக் கூடாது. முகம் திரும்புகிறதா, இமை சுருங்குகிறதா, மறைப்பு நகர்கிறதா, இவை மட்டும்தான் அவர் வேலை.

மறைப்புக்குக் கை வேண்டாம். பழைய நோட்டு அட்டையில் உள்ளங்கை அளவு வெட்டி, மூக்கோரம் பொருந்தும்படி ஒரு பக்கம் வளைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புகளுக்கு இதைவிட நல்லது, கண்ணாடி இல்லாத பழைய பிரேம் ஒன்றில் ஒரு பக்கம் கறுப்பு அட்டை ஒட்டிப் போட்டுவிடுவது. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என இரண்டு பிரேம் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

கண்ணை அழுத்த விடாதீர்கள். அழுத்தி மூடிய கண்ணைத் திறந்ததும் சிறிது நேரம் மங்கலாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணைத்தான் அடுத்துச் சோதிக்கப் போகிறீர்கள்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்தப் பதில் கணக்கில் இல்லை. இமை இடுக்கு ஊசித்துளை மாதிரி வேலை செய்து, கிட்டப்பார்வைக்காரப் பிள்ளையையும் ஒன்றிரண்டு வரி கீழே இறக்கிக் காட்டிவிடும்.

6/12 வரியில் 5-க்கு 4 சரியாகச் சொல்லவில்லை என்றால் சீட்டு.

ஜூன் 18, காலை 7.05 · ஆப்டோமெட்ரிஸ்ட்

அவள் ஏன் நான்காம் வகுப்பு வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பெற்றோர் கேட்பார்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது (பெரும்பாலும் ஒன்றில் தூரப்பார்வை அல்லது சிலிண்டர் பவர் கூடுதல்) மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகியதால் "குறைகிறது" என்ற உணர்வே பிள்ளைக்கு வராது. மாறுகண் இருந்தாலாவது பாட்டி கண்டுபிடித்துவிடுவார். கண் நேராக இருந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பள்ளிச் சோதனை இருப்பதே முக்கியமாக இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். கிட்டப்பார்வைக்காரப் பிள்ளை பலகை தெரியாமல் முன் பெஞ்சுக்கு வந்துவிடும், தாமதமானாலும் வெளியே தெரிந்துவிடும்.

9 வயது தாமதம்தான், முடிந்துபோன கதை இல்லை. "ஏழு வயசுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைத்து, அதற்குச் சொட்டு மருந்தும் கொடுத்தபோது 53 விழுக்காட்டினருக்குச் சார்ட்டில் குறைந்தது இரண்டு வரி முன்னேறியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 விழுக்காடு. கண்ணாடி வாங்கி இன்றே போட்டுவிடுங்கள், மறைப்பு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஜூன் 18, மாலை 5.30 · ஆசிரியர்

நாங்கள் வைத்திருந்தது தொங்கவிடும் சார்ட் இல்லை. ஒரு அட்டைக்கு ஒரு ஆங்கில 'ஈ' (E) எழுத்து. கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவோம். கையால்தான் மூடினார்கள், அதில் நீங்கள் சொன்னது சரி.

ஜூன் 18, இரவு 10.20 · ஆப்டோமெட்ரிஸ்ட்

அப்படியானால் நேற்று "பிழை சார்ட்டில் இல்லை" என்று எழுதியதைத் திருத்துகிறேன். சார்ட்டிலும் இருக்கிறது.

சோம்பல் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்து தனியாக நின்றால் ஓரளவு தெரியும். பக்கத்தில் வேறு எழுத்துகள் நெருக்கி நின்றால் குழம்பிப்போகும். தனி 'ஈ' அட்டையில் 6/18 வரை சொல்லும் பிள்ளை வரிசையாக இருக்கும் சார்ட்டில் 6/36-இல் நின்றுவிடும். தனி எழுத்து அட்டை கிட்டப்பார்வையைப் பிடிக்கும், சோம்பல் கண்ணைத் தப்பவிடும்.

சார்ட் வாங்கும்போது ஒரு வரியில் 5 எழுத்து, எழுத்துக்கு நடுவே ஒரு எழுத்து அகலம் இடைவெளி உள்ள லாக்மார் வகை கிடைத்தால் அதை எடுங்கள். 1976-இல் ஆஸ்திரேலியாவில் வகுத்த அமைப்பு அது. கிடைக்காவிட்டால் இருக்கும் தனி 'ஈ'யைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு கறுப்புக் கோடு வரையுங்கள். கோட்டின் தடிமன் 'ஈ'யின் கால் தடிமன். எழுத்துக்கும் கோட்டுக்கும் இடைவெளி எழுத்து உயரத்தில் பாதி. அந்த நான்கு கோடுகள் பக்கத்து எழுத்துகள் செய்யும் நெருக்கடியை ஏறத்தாழ உண்டாக்கிவிடும்.

ஜூன் 20, காலை · வேறொரு வாசகர்

வாட்ஸாப்பில் வந்த சார்ட்டை ஏ4-இல் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம். சரியா?

ஜூன் 20, பகல் 1.40 · ஆப்டோமெட்ரிஸ்ட்

ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். எழுத்தின் உயரம், 6 மீட்டர் தூரத்துக்கு:

6/6 வரி 8.7 மி.மீ., 6/9 வரி 13.1, 6/12 வரி 17.5, 6/18 வரி 26.2, 6/60 எழுத்து 87 மி.மீ. 3 மீட்டர் சார்ட் என்றால் எல்லாம் இதில் பாதி.

கணக்கு எளிது. 6/6 எழுத்து கண்ணில் 5 கலை (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை) கோணம் பிடிக்க வேண்டும். ஸ்நெல்லன் 1862-இல் வைத்த அளவு, இன்றுவரை மாறவில்லை. 'ஈ' எழுத்தை 5க்கு 5 கட்டமாகப் பிரித்தால் ஒவ்வொரு காலும் ஒரு கட்டம், கால்களுக்கு நடுவே இடைவெளியும் ஒரு கட்டம். கால் தடித்தும் சந்து குறுகியும் இருந்தால் அது யாரோ தட்டச்சு எழுத்துருவில் போட்ட 'ஈ'. தூக்கிப் போடுங்கள்.

பிரிண்ட் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று அச்சிட்டால் எழுத்து சில விழுக்காடு சுருங்கும். வரம்பில் நிற்கும் நல்ல கண்ணும் தோற்கலாம், வீண் சீட்டு கூடும். உள்ளதுள்ளபடி 100 விழுக்காட்டில் எடுக்கச் சொல்லுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து நடு வரி மறையும். மங்கிப் பழுப்பேறிய சார்ட்டும் வேண்டாம்.

மாட்டும் இடம்: சார்ட்டுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. ஜன்னல் பிள்ளையின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். பிள்ளையின் கண் உயரத்தில் நடு வரி. வகுப்பறையில் 20 அடி கிடைக்காவிட்டால் வராண்டாவுக்குப் போங்கள். ஆனால் மதியம் வெயில் சரிந்து சார்ட் மேல் விழும் வராண்டாவில் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஜூன் 20, பகல் 2.10 · ஆப்டோமெட்ரிஸ்ட்

தூரம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கோட்டில் நிற்க வேண்டியது கால் விரல் இல்லை, கண் 6 மீட்டரில் இருக்க வேண்டும். தெரியாத எழுத்து வந்ததும் பிள்ளை இடுப்பை வளைத்து ஒரு அடி முன்னால் நீட்டும். 3 மீட்டர் சார்ட்டில் 30 செ.மீ. முன்னே வந்தால் வரிக்கு இரண்டு எழுத்துக்கு மேல் இலவசம். 6 மீட்டரில் ஒரு எழுத்துதான். அதனால் இடம் இருந்தால் 6 மீட்டரே மேல். இடமில்லாமல் 3 மீட்டர் என்றால் நாற்காலி போட்டு, முதுகு சாய்ந்திருக்கும்படி உட்காரவைத்து, நாற்காலியின் பின்கால்களைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். நாள் முழுக்க நகராது.

ஜூன் 23, இரவு · ஆசிரியை, ஒன்றாம் வகுப்பு

என் பிள்ளைகளுக்கு இடது வலது தெரியாது. 'ஈ' அட்டையில் பாதிப் பேர் தப்பாகக் காட்டுகிறார்கள். தமிழ் எழுத்துச் சார்ட் வைக்கலாமா?

ஜூன் 24, காலை · ஆப்டோமெட்ரிஸ்ட்

டீச்சர், தமிழ் எழுத்து இன்னும் சிக்கல். ப, ம, ய, வ ஒன்றுக்கொன்று சாயல். மங்கலாகத் தெரிந்தால் ஒன்றை இன்னொன்றாகச் சொல்வார்கள். ஃ அல்லது ஐ அப்படியில்லை, பாதி தெரிந்தாலே பிடிபட்டுவிடும். ஒரு வரியில் எல்லா எழுத்தும் ஒரே கடினம் இருந்தால்தான் அளவு அளவாக இருக்கும். தவிர ஜூனில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. எழுத்து தெரியாததையும் கண் தெரியாததையும் பிரிக்க முடியாமல் போகும்.

'ஈ'யையே வையுங்கள், வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். மூன்று விரலை நீட்டி, "இது மேசை. மேசைக்கால் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, விரலால காட்டு." முந்தின நாளே வகுப்பில் பெரிய 'ஈ' ஒன்றை வெட்டி 1 மீட்டர் தூரத்தில் விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். அங்கேயே காட்டத் தெரியாத பிள்ளையைச் சார்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேல் கீழ் எல்லாம் சரி, இடது வலது மட்டும் எல்லா அளவிலும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது என்றால் அது திசைக் குழப்பம். கண் இல்லை. பெரிய எழுத்தில் நான்கு திசையும் சரி, சின்னதில் நான்கும் குழம்புகிறது என்றால் அது கண்.

இன்னும் சின்னவர்களுக்கு ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் உள்ள பட அட்டை உண்டு. ஃபின்லாந்தின் லியா ஹைவாரினென் என்ற கண் மருத்துவர் வகுத்தது. கையில் அதே நான்கு படம் உள்ள அட்டையைக் கொடுத்தால் பிள்ளை வாய் திறக்காமலே தொட்டுக் காட்டும். அங்கன்வாடிக்கு அதுதான் வசதி.

ஜூன் 24, காலை, சற்றுப் பிறகு

'ஈ'யில் ஊகத்துக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு திசை, கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் நாலில் ஒன்று சரியாகும். ஒரே ஒரு எழுத்தைக் காட்டிப் பாஸ் போட்டால் 25 விழுக்காடு ஊகம். 5-க்கு 3 போதும் என்றால் 10 விழுக்காடு. 5-க்கு 4 என்றால் 1.6 விழுக்காடு. 5-க்கு 4 என்ற விதியைத் தளர்த்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சின்னப் பிள்ளைகள் ஒரே திசையில் விரலை வைத்தபடி நிற்பார்கள். அடுத்தடுத்து இரண்டு எழுத்து ஒரே திசையில் வராமல் பாருங்கள்.

இரண்டாவது கண்ணுக்கு வேறு வரிசை. முதல் கண்ணில் கேட்டது அப்படியே மனப்பாடம் ஆகியிருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவனும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். சோதனை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்க வேண்டும்.

ஜூன் 27, இரவு · ஆசிரியர்

அரசு அட்டையில் 6/9 வரி இருக்கிறது. நீங்கள் 6/12 என்றீர்கள். எதை வைப்பது? இரண்டாவது: போன தடவை வேறொரு பள்ளியில் நிறையச் சீட்டு கொடுத்து, மருத்துவமனை போன பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்ததால் பெற்றோர் கோபப்பட்டார்கள்.

ஜூன் 28, காலை 6.30 · ஆப்டோமெட்ரிஸ்ட்

இரண்டும் ஒரே கேள்வி. 1,000 பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 50 பேருக்கு உண்மையிலேயே குறை என்று வைப்போம். உங்கள் சோதனை 90 விழுக்காடு குறையைப் பிடிக்கிறது, நல்ல கண்ணில் 95 விழுக்காட்டைச் சரி என்கிறது. நல்ல சோதனைதான். 45 பேரைப் பிடித்தீர்கள். மீதி 950 நல்ல கண்ணில் 5 விழுக்காடு, அதாவது 47 பேருக்கும் சீட்டு போயிருக்கும். சீட்டு வாங்கிய 92 பேரில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாதவர்கள். யார் தவறும் இல்லை. குறை அரிதாக இருக்கும் இடத்தில் எந்தச் சோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதற்கு வைத்தியம்: சீட்டை அன்றே எழுதாதீர்கள். தோற்ற பிள்ளைகளை மட்டும் வேறொரு நாள் காலையில், வேறொரு ஆசிரியர் மறுபடி பார்க்கட்டும். கூச்சம், தூக்கக் கலக்கம், விளையாடிவிட்டு வியர்வையோடு வந்தது, திசை புரியாதது எல்லாம் இரண்டாம் முறையில் உதிர்ந்துவிடும். உண்மையில் மங்கலான கண் இரண்டு முறையும் தோற்கும்.

மறுசோதனை வைக்கிறீர்கள் என்றால் என் 6/12-ஐ விட்டுவிட்டு 6/9-ஐ வையுங்கள். ஒரே தடவை பார்த்து அனுப்பும் முகாமை மனத்தில் வைத்துத்தான் 6/12 என்று எழுதினேன். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் தினமும் கண்ணெதிரே இருக்கிறார்கள், இரண்டாம் முறை பார்க்க முடியும். அப்போது கறாரான வரி வைப்பதில் நட்டமில்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் ஆரம்பக் கிட்டப்பார்வை 6/9-இல்தான் முதலில் சிக்கும்.

கூடவே ஒன்று. இரண்டு கண்ணும் பாஸ், ஆனால் ஒன்று 6/6, மற்றது 6/9 என்று நின்றால் பதிவேட்டில் குறித்துவைத்து மறுசோதனையில் சேருங்கள். கண்ணுக்குக் கண் இரண்டு வரி வித்தியாசம் என்றால் சீட்டே கொடுத்துவிடலாம். அதனால் பதிவேட்டில் "சரி / குறை" என்று டிக் அடிக்காமல் இரண்டு கண்ணுக்கும் எண்ணை எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட அந்த எண் வேண்டும்.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணாடியோடுதான் சோதனை. கண்ணாடியோடும் 6/9 தெரியவில்லை என்றால் பவர் மாறியிருக்கலாம்.

ஜூலை 1 · வேறொரு வாசகர்

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். 6/6 படிக்கிறான். ஆனால் பத்து நிமிடம் புத்தகம் படித்தால் தலைவலி என்கிறான், வரி விட்டு வரி தாவுகிறான்.

ஜூலை 1, இரவு · ஆப்டோமெட்ரிஸ்ட்

தூரத்துச் சார்ட்டில் சிக்காத ஆள் இவன்தான். தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளைக்குக் கண்ணின் உள்தசை இளசு. இறுக்கிப் பிடித்துத் தூரத்தைத் தெளிவாக்கிவிடும். புத்தகத்துக்கு இன்னும் இறுக்க வேண்டும், அது தாங்காது.

ஆப்டிகல் கடையில் +2.00 ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டு, ஒரு கண்ணை மறைத்து, தூரத்துச் சார்ட்டைக் காட்டுங்கள். நல்ல கண்ணுக்கு அந்தக் கண்ணாடியில் சார்ட் மங்கிப்போக வேண்டும். "தெரியல" என்றால் நல்லது. அதைப் போட்டுக்கொண்டும் 6/9 வரியைச் சரளமாகச் சொன்னால் தூரப்பார்வைக் குறை ஒளிந்திருக்கிறது, சீட்டு கொடுங்கள். போட்டதும் உடனே கேட்காமல் சில நொடி விட்டுக் கேளுங்கள், இறுக்கம் தளர நேரம் வேண்டும்.

மங்கினால் அவனை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. தலைவலி சொல்லும் பிள்ளை எந்தச் சோதனையில் பாஸ் ஆனாலும் சீட்டு உண்டு. அதேபோல் மாறுகண், ஒரு கண்ணை மூடி வெயிலில் நிற்பது, தலையைச் சாய்த்துப் படிப்பது: சார்ட்டே வேண்டாம், நேராக அனுப்புங்கள்.

கண்மணி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தால், முகாம் தேதி பார்க்காதீர்கள். அந்த வாரமே பெரிய கண் மருத்துவமனை. சின்னப் பிள்ளைகளில் அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.

ஜூலை 9 · ஆசிரியர்

மறுசோதனையும் முடிந்து 11 சீட்டு. எட்டு நாளில் இரண்டு பேர்தான் மருத்துவமனை போயிருக்கிறார்கள்.

ஜூலை 9, இரவு 11.00 · ஆப்டோமெட்ரிஸ்ட்

வேலையில் பாதி இனிமேல்தான். கென்யாவில் 2018-இல் வெளியான ஒரு ஆய்வு: ஒரு தொகுதிப் பள்ளிகளில் வழக்கமான முறை, இன்னொன்றில் மொபைல் ஆப்பில் பரிசோதனை, பெற்றோருக்கு நினைவூட்டல் செய்தி, பிள்ளைக்கு எப்படி மங்கலாகத் தெரிகிறது என்பதைக் காட்டும் அச்சுப் படம். சீட்டு பெற்றவர்களில் மருத்துவமனை போனவர்கள் முதலாவதில் 22 விழுக்காடு, இரண்டாவதில் 54.

உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? "பார்வைக் குறைபாடு, மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை" என்றால் வீட்டில் அது சுருட்டி வைக்கப்படும். இப்படி எழுதுங்கள்:

"உங்கள் மகனுக்கு இடது கண்ணால் பலகை எழுத்து தெரியவில்லை. வலது கண் சரி. இந்தத் தேதிக்குள் இந்த மருத்துவமனையில், இத்தனை மணிக்குள் போக வேண்டும். கண்ணில் மருந்து ஊற்றிப் பார்ப்பார்கள். அரை நாள் ஆகும். அன்றும் மறுநாளும் புத்தகம் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். வந்ததும் சீட்டின் கீழ்ப்பகுதியைப் பள்ளியில் கொடுக்கவும்."

அரை நாள் கூலி போகும் என்று முன்னாலேயே தெரிந்தால் அம்மாவோ அப்பாவோ அதற்கேற்ற நாள் பார்ப்பார்கள். தெரியாமல் போய்ப் பாதியில் திரும்பினால் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

சீட்டைவிட வலுவானது ஒன்று இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மாவைச் சார்ட் பக்கத்தில் நிறுத்துங்கள். நல்ல கண்ணைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள், கடகடவென்று சொல்வான். பிறகு அதை மூடி மற்றக் கண்ணால். பெரிய எழுத்திலேயே தடுமாறுவான். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

ஜூலை 10, காலை · ஆப்டோமெட்ரிஸ்ட்

மருந்து ஊற்றுவது பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். மருந்து ஊற்றாமல் கம்ப்யூட்டர் மிஷினில் மட்டும் பார்த்தால் பிள்ளைக் கண் இறுக்கிப் பிடித்து, இல்லாத மைனஸ் பவரைக் காட்டும். அந்தப் பவருக்குக் கண்ணாடி போட்டால் தலைவலிதான் மிச்சம். சைக்ளோபென்டோலேட் சொட்டு என்றால் ஒரு நாளில் பெரும்பாலும் தெளியும். அட்ரோபின் களிம்பு மூன்று நாள் வீட்டிலேயே போட்டு வரச் சொன்னால் மங்கல் ஒன்றிரண்டு வாரம்கூட இழுக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் இதை வைக்காமல் தேதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) நடமாடும் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வர வேண்டும் என்பது 2013-இலிருந்து உள்ள ஏற்பாடு. உங்கள் பதிவேட்டை அவர்கள் வரும் நாளில் எடுத்து வைத்துவிட்டால் போகாத ஒன்பது பேரின் பெயரும் அவர்கள் பட்டியலில் ஏறும்.

ஜூலை 22 · வேறொரு வாசகர்

கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் எங்கள் எட்டாம் வகுப்பில் நாலு பேரில் மூன்று பேர் பையிலேயே வைத்திருக்கிறார்கள். போட்டால் பவர் ஏறிவிடும் என்று ஒரு பெண்ணின் வீட்டில் பயம். பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் போதும் என்கிறார்கள்.

ஜூலை 22, இரவு · ஆப்டோமெட்ரிஸ்ட்

கண்ணாடி பவரை ஏற்றுவதில்லை. வளரும் வயதில் விழி நீளமாகிறது, 1 மி.மீ. நீண்டால் ஏறத்தாழ 2.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) மைனஸ் கூடும். உயரம் கூடுவது மாதிரி அது பாட்டுக்கு நடக்கும். மலேசியாவில் 2002-இல் வெளியான ஆய்வில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் முழுப் பவர் போட்டவர்களைவிட வேகமாக ஏறியது.

ஏறுவதைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடியது வெளியில் விளையாட விடுவது. தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளி வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று திட்டமே நடத்துகிறார்கள். உடற்கல்வி பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் பிள்ளைக்குக் கொடுங்கள், மாலைக்கண் வராமல் காக்கும். வெள்ளைவிழியில் நுரை மாதிரி புள்ளி தெரிந்தால் அது வைட்டமின் ஏ குறை. விழியின் நீளத்தைக் கீரை குறைக்காது.

பையில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பவர் பயம் இல்லை, "சோடாப்புட்டி". அந்த வார்த்தை வகுப்பில் வராமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை. கண்ணாடி கொடுக்கும் அன்றே வகுப்பு முழுவதையும் முன்பு சொன்ன +2.00 வாசிப்புக் கண்ணாடி வழியே பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கண்ணாடி இல்லாமல் இவளுக்குப் பலகை இப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று விளக்குங்கள். பிரேமை அவளே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்திலிருந்து இன்றுவரை இலவசக் கண்ணாடி எவ்வளவோ போயிருக்கிறது. பிடிக்காத பிரேம் இலவசமாக வந்தாலும் பையில்தான் கிடக்கும்.

போடாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். மூக்கில் வழுக்குகிறதா? காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறதா? இரண்டும் கடையில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். லென்ஸ் முழுக்கக் கீறலா? சட்டை நுனியால் காய்ந்த தூசியைத் துடைத்தால் அப்படித்தான் ஆகும். குழாய்த் தண்ணீரில் நனைத்து, ஒரு துளி சோப்பு தடவிக் கழுவி, பிறகு மெல்லிய துணி.

மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் வகுப்புக்குள் போய் யார் முகத்தில் கண்ணாடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முந்தின நாள் சொன்னால் எல்லோரும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 12 · ஆசிரியை, ஒன்றாம் வகுப்பு

வகுப்பில் நாலு பேருக்கு மெட்ராஸ் ஐ. சோதனை வைத்திருந்தோம்.

ஆகஸ்ட் 12 · ஆப்டோமெட்ரிஸ்ட்

இரண்டு வாரம் தள்ளிவையுங்கள் டீச்சர். பொங்கிய கண்ணுக்குச் சார்ட் சரியாகத் தெரியாது, மறைப்பு அட்டை வழியாகவும் பரவும். 1918-இல் சென்னையில் முதலில் விவரிக்கப்பட்டதால் வந்த பெயர் அது. பார்ப்பதால் ஒட்டாது, தொடுவதால் ஒட்டும். கண் சிவந்த பிள்ளை வீட்டில் இருக்கட்டும். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்ற வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் 30 · ஆசிரியர்

அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடியோடு ஆறு வாரத்தில் இடது கண் 6/24. இப்போது நல்ல கண்ணை தினம் நான்கு மணி நேரம் மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் ஒட்டலாமா, வீட்டிலா?

ஆகஸ்ட் 30, இரவு · ஆப்டோமெட்ரிஸ்ட்

வீட்டில். பள்ளியில் 6/24 கண்ணோடு பலகையைப் பார்க்க வைத்தால் பாடமும் போகும், பிளாஸ்டரும் பாதியில் கழன்றுவிடும். சாயங்காலம் இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். மறைத்த நேரத்தில் டிவியைவிட அருகில் செய்யும் வேலை நல்லது: கோலப் புள்ளி வைப்பது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது.

பிளாஸ்டரைத் தோலில் ஒட்ட வேண்டும். கண்ணாடி மேல் துணி கட்டினால் மேலே எட்டிப் பார்த்துவிடுவாள், நவம்பரில் விரல் சந்தில் பார்த்த மாதிரி. எடுக்கும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு மெல்ல உரித்தால் தோல் புண்ணாகாது. ஒட்டும் இடத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மாற்றுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைத் தவறவிட வேண்டாம், அன்று மறைத்த வலது கண்ணையும் அளந்து பார்ப்பார்கள்.